நாமே கொண்டு செல்லும் புட்டி

உணவகத்திற்குச் சாப்பிடச் செல்பவர் கையில் குடை கொண்டு போகலாம். கைக்குழந்தைக்குப் பால்புட்டி கொண்டு போகலாம். பிறந்தநாள் என்றால் கேக்கும் கொண்டு போகலாம். ஒரு புட்டி திராட்சை இரசத்தைத் தம் வீட்டிலிருந்தே கொண்டு போய், மேசையில் வைத்து, உணவோடு அருந்தலாமா? நம் மாடம்பாக்கத்தில் இப்படிக் கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆயினும் உலகின் சில நகரங்களில் இது அன்றாட வழக்கம். எந்த உணவகத்தில் இதற்கு இடமுண்டு, எங்கே தனிக் கட்டணம் கேட்பார்கள் என்று விசாரித்து வைத்துக்கொள்வது அங்குள்ள குடும்பங்களுக்குக் காய்கறி விலையை அறிந்து வைத்திருப்பது போன்றது.

2022ஆம் ஆண்டுக் கோடையில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து எடிசன் நகரில் எங்கள் மகன் வீட்டில் ஐந்து மாதம் தங்கியிருந்தோம். விஞ்ஞானி எடிசனின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அங்கே ஓக் ட்ரீ சாலை என்றொரு கடைவீதி. புடைவைக் கடை, நகைக் கடை, இட்லி தோசை கிடைக்கும் உணவகம் என்று நம்மவர் கடைகளாகவே நீளும். ஒரு சனிக்கிழமை மாலை அங்கே சாப்பிடச் சென்றபோது, எங்களுக்கு முன்னால் நுழைந்த குடும்பத்தலைவர் ஒரு பழுப்புக் காகிதப் பையை மார்போடு அணைத்திருந்தார். உட்கார்ந்ததும் அதிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பரிமாறுபவர் ஒரு வார்த்தையும் கேளாமல் தக்கையைத் திருகி எடுத்து, இரண்டு கண்ணாடிக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு மாம்பழ லஸ்ஸி வந்தது. என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: “இது நம் கட்டுச்சோறு மாதிரி அல்லவா இருக்கிறது! சத்திரம் அவர்களுடையது, மூட்டை நம்முடையது.”

அதைவிட நல்ல விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுச்சோற்றுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தது. (திருப்பலிக்குரிய திராட்சை இரசத்திற்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்திருந்தது.) மதுவிலக்கு நீங்கியபின், மதுவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது அந்தந்த மாநிலத்தின் பொறுப்பாயிற்று. நியூ ஜெர்சியில், ஓர் ஊரில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மது பரிமாறும் உரிமம் வழங்கலாம் என்று வகுத்தார்கள். ஊரில் நூறு உணவகம் இருந்தாலும் உரிமம் சிலவற்றுக்குத்தான். ஆகவே உரிமத்திற்கே ஒரு சந்தை பிறந்துவிட்டது. சில ஊர்களில் ஓர் உரிமம் பத்து இலட்சம் டாலருக்கு மேலும் கைமாறியதுண்டு. இட்லி விற்றுப் பிழைப்பவர் அதை எங்ஙனம் வாங்குவார்? உரிமமில்லாத உணவகத்தில், ஊராட்சி தடுக்காதவரை, வருகிறவர் தம்முடைய திராட்சை இரசத்தையோ பீரையோ கொண்டுவந்து அருந்தலாம் என்று சட்டமே வழி விட்டிருக்கிறது. விஸ்கி, பிராந்தி போன்றவற்றுக்கு இடமில்லை. புட்டியைத் திறந்து கொடுப்பதற்கு உணவகம் கட்டணம் வாங்கவும் கூடாது.

மற்ற இடங்களில் அந்தக் கட்டணம் உண்டு. ‘கார்க்கேஜ்’ என்பார்கள், தக்கை திறக்கும் கூலி என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் புட்டிக்கு இவ்வளவு அல்லது தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். அங்கே 1966 வரை மதுக்கூடங்களை மாலை ஆறு மணிக்கே மூடிவிட வேண்டும் என்பது சட்டம். வேலை ஐந்து மணிக்கு முடிந்தால் ஆறு மணிக்குள் எவ்வளவு விழுங்க முடியுமோ அவ்வளவையும் நின்றபடியே விழுங்கிவிட்டு ஆண்கள் தள்ளாடி வீடு திரும்பினார்களாம். குடியைக் குறைக்க வந்த சட்டம் குடியை ஒரு மணி நேரத்திற்குள் திணித்துவிட்டது! அதே அறுபதுகளில்தான் சிற்றுணவகங்களில் தம் புட்டியைத் தாமே கொண்டுவரும் அனுமதியும் அந்த மாநிலத்தில் பரவியது. கனடாவின் மாண்ட்ரியல் நகரிலும் வாசலிலேயே ‘உங்கள் திராட்சை இரசத்தை நீங்களே கொண்டு வாருங்கள்’ என்று பிரெஞ்சு மொழியில் எழுதி வைத்த உணவகங்கள் உண்டு. இலண்டனில் டூட்டிங் பகுதியிலுள்ள ஈழத்தமிழர் உணவகங்கள் சிலவற்றில் புட்டியோடு சென்று கொத்து ரொட்டி சாப்பிட்டு வரலாம்.

நம்மவர்க்கு மிகவும் பழகிய கதை பென்சில்வேனியாவினுடையது. நியூ ஜெர்சிக்கு அடுத்த மாநிலம் அது. மதுவிலக்கு நீங்கிய 1933இல் அங்கே ஆளுநராயிருந்த கிஃபோர்டு பின்ஷோ குடியை வெறுத்தவர்; மது வாங்குவது எவ்வளவு தொல்லையாகவும் செலவாகவும் இருக்குமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணமுடையவர். எனவே சில்லறைக் கடையை அரசே நடத்தும் முறையைக் கொண்டுவந்தார். நம் டாஸ்மாக்கிற்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம். ஆனால் அண்ணனுடைய ஊராகிய பிலடெல்பியாவில், அரசுக் கடையில் புட்டி வாங்கிக்கொண்டு சிறிய உணவகத்தில் குடும்பத்தோடு அமர்ந்து உண்பது பெருவழக்கம். தம்பியின் ஊரில் அது கனவிலும் இல்லை.

அந்த ஐந்து மாதத்தில் நான் கவனித்தது ஒன்றுண்டு. இப்படிப் புட்டி கொண்டுவந்த குடும்பங்கள் இரண்டாம் புட்டி வாங்க வெளியே எழுந்து போனதை நான் பார்க்கவில்லை. மதுக்கூடத்தில், ‘இன்னொன்று?’ என்று கேட்க ஒருவர் அருகிலேயே நிற்கிறார். அவருக்கு அது வியாபாரம். இங்கே கேட்பார் எவருமில்லை. வீட்டை விட்டுப் புறப்படும்போதே, எத்தனை பேர், எவ்வளவு போதும் என்று கணவனும் மனைவியுமாக முடிவு செய்துவிடுகிறார்கள். எல்லாரும் அப்படி என்று சாதிக்க நான் வரவில்லை, கண்டதைச் சொல்கிறேன்.

2024 ஜனவரியில் எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டு நிறைவு வந்தது. மகனும் மருமகளும் கிறிஸ்மஸுக்கு வந்தவர்கள் அதுவரை தங்கினார்கள். வரும்போது விமானநிலையக் கடையில் ஒரு புட்டி சிவப்புத் திராட்சை இரசம் வாங்கி வந்திருந்தான். “அப்பா, நாம் பதினொரு பேர். ஒரு நல்ல உணவகத்தில் உட்கார்ந்து, ஆளுக்கு அரைக் கோப்பை ஊற்றி, உங்களையும் அம்மாவையும் வாழ்த்த வேண்டும்” என்றான். எனக்கும் அந்த எண்ணம் பிடித்திருந்தது. கானாவூர்த் திருமணத்தை நாம் எத்தனை மறையுரைகளில் கேட்டிருக்கிறோம்!

ஸ்கூட்டரில் தந்தையும் மகனுமாகப் புறப்பட்டோம். சேலையூர் கேம்ப் ரோடில் முதல் உணவகத்து மேலாளர் சிரித்துவிட்டு, “சார், கேக் வேண்டுமானால் கொண்டு வாருங்கள்” என்றார். இராஜகீழ்ப்பாக்கத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாடியில் தனியறை தருவதாகவும், காப்பி டம்ளரில் ஊற்றிக்கொள்ளும்படியும், ஆனால் பெண்களை அழைத்து வராமலிருந்தால் நல்லது என்றும் சொன்னார். பெண்கள் வராத திருமண நாளா? மேலும், மனைவியோடு நாற்பது ஆண்டு வாழ்ந்ததைக் காப்பி டம்ளருக்குள் ஒளித்துக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் மது உரிமம் பெற்ற ஒரு பெரிய விடுதியில் மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் அவர்களுடைய புட்டியைத்தான் வாங்க வேண்டுமாம். அதன் விலையில் பதினொரு பேருக்கும் இரண்டு வேளை பிரியாணி போட்டுவிடலாம்.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உரிமமில்லாத உணவகம் மது அருந்த இடங்கொடுத்தால், அது உரிமையாளர்மேல் வழக்காகும். நம் மதுவிலக்குச் சட்டம் 1937இல் பிறந்தது. இராஜாஜி பிரதமராயிருந்தபோது அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் அது நடைமுறைக்கு வந்தது. இழந்த கள், சாராய வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது; அந்த வரி நிலைத்துவிட்டது, விலக்குத்தான் நிலைக்கவில்லை. 1971இல் தளர்ந்தது, 1974இல் இறுகியது, 1981இல் மறுபடி தளர்ந்தது, 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றி, 2003இல் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. சட்டத்தின் தலைப்பில் இன்றும் மதுவிலக்கு என்றே இருக்கிறது. 2023 ஏப்ரலில் விழாக்களுக்குச் சிறப்பு அனுமதி என்று ஓர் அறிவிப்பு வந்து, திருமண மண்டபங்களும் அதில் இருந்ததால் எதிர்ப்புக் கிளம்பி, மண்டபங்கள் நீக்கப்பட்டன. அந்த எதிர்ப்பு நியாயமானதே என்பது என் கருத்து. ஆனால் இத்தனை மாறுதல்களிலும், கடை வேண்டுமா வேண்டாமா என்பதே பேச்சாயிருந்தது. குடும்பம் அமர்ந்து உண்ணும் மேசை எவர் நினைவுக்கும் வரவில்லை. கடையில் வாங்கியதைக் கடையோடு ஒட்டிய கூடத்தில் ஆண்கள் மட்டும் நின்று முடித்துவிட்டு வருவது, அல்லது தொடவே தொடாமலிருப்பது என்ற இரண்டைத் தவிர வேறொன்று நம்மிடம் வளரவில்லை.

வீட்டில் ஜாடியில் ஊற வைக்கும் கிறிஸ்மஸ் இரசம் இருக்கிறதே என்பீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதை 1832இல் நம் நாட்டிற்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பழத்தையும் சர்க்கரையையும் கோதுமையையும் வைத்துத் திருவருகைக் காலத்தில் ஜாடியைத் துணியால் கட்டிய வீடுகள் நம் பங்குகளில் பல. எனினும் உரிமமின்றி அப்படிச் செய்வதைச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. கேரளத்தில் 2019 கிறிஸ்மஸுக்கு முன் கலால் துறையினர் இதை நினைவூட்ட, அங்கே பெரும் சலசலப்பு எழுந்தது.

அன்றிரவு உணவகம் கிடைக்காத கதையை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் மனைவி கேட்டாள்: “கிடைத்திருந்தால் மட்டும் என்ன? பதினொரு பேரில் தம்பியும் ஒருவர் அல்லவா?”

என் தம்பி பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடிப்பதில்லை. அதற்குமுன் அவன் குடித்த ஆண்டுகளைப் பற்றி விரித்து எழுத வேண்டியதில்லை. உங்கள் உறவிலும் ஒருவர் இருப்பார். வேலை போயிற்று, மனைவியின் நகை போயிற்று, பேச்சு போயிற்று. சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் தொடங்கிய, அடையாறிலுள்ள டி.டி.கே. மருத்துவமனையில் ஒரு மாதம் தங்கினான். பின்னர் வாரந்தோறும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டத்திற்குச் சென்றான், இன்றும் செல்கிறான். குடிநோயுள்ள குருக்களைத் திருச்சபையும் மறக்கவில்லை. திருப்பலிக்குத் திராட்சையின் இயற்கையான இரசமே வேண்டும் என்பது சட்டமாயிருந்தும், அத்தகைய குரு ஆயரின் அனுமதியோடு, புளிக்கத் தொடங்கிய நிலையிலேயே நிறுத்தப்பட்ட சாற்றைப் பயன்படுத்தலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003இல் எழுதியது. நம் அரசு சில்லறைக் கடையை எடுத்த அதே ஆண்டு!

மகன் மறைத்துப் பேசாதவன். மறுநாள் காலை நேரே சித்தப்பாவிடம் சென்று கேட்டுவிட்டான். தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “புட்டியை வைக்காதே என்று நான் சொல்லமாட்டேன், ராஜா. ஊற்றிக் கொடுக்கும் கோப்பையைப் பார்த்து எனக்குப் பயமில்லை. சுற்றி நீங்கள் எல்லாரும் இருப்பீர்கள். மிச்சம் எங்கே இருக்கும், அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பாதிப் புட்டி ஒரு வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்தால், இரவு இரண்டு மணிக்கு அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்.”

எடிசனில் மிச்சப் புட்டியைக் காகிதப் பையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றவர்களை நான் பார்த்திருந்தேன். அது சிக்கனம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

விழா நாளன்று பூசைக்குப்பின் கேம்ப் ரோடு உணவகத்திலேயே பதினொரு பேரும் சாப்பிட்டோம். கேக் கொண்டு போனோம். மாலையில் எங்கள் மொட்டை மாடியில் பாய் விரித்து, மருமகள் புட்டியைத் திறந்து ஆறு பேருக்கு ஊற்றினாள். தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் ரோஸ் மில்க். வாழ்த்துரை சொன்னவன் தம்பிதான். என் மனைவி அண்ணியாக வந்த நாளில் அவனுக்குப் பதினாறு வயது என்பதைச் சொல்லும்போது அவன் குரல் கம்மியது. எல்லாரும் குடித்து முடித்தபின் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது. “சித்தப்பா, வாருங்கள்” என்று மகன் அவனைக் கீழே அழைத்துச் சென்று, அவன் கண்முன்னே கொல்லைப்புறத்து முருங்கை மரத்தடியில் அத்தனையையும் ஊற்றினான். இருபத்தெட்டு டாலர் புட்டி என்று மருமகள் மேலிருந்து பெருமூச்சு விட்டாள்.

காலிப் புட்டியைத் தம்பியே குழாயடியில் மூன்று முறை கழுவிக் கவிழ்த்து வைத்தான். என் மனைவி இப்போது அதில் நல்லெண்ணெய் வைத்திருக்கிறாள்.