ரிமோட் யார் கையில்?

மக்களே, போன செமஸ்டர்ல நாங்க போட்ட ஒரு சண்டையில இருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு போட்டிக்காக எங்க மெக்கானிக்கலும் ஈசிஇ பசங்களும் சேர்ந்து ஒரு ட்ரோன் செஞ்சோம். ஃப்ரேம் எங்க வேலை. வயரிங், கன்ட்ரோலர் அவங்க வேலை. எல்லாம் முடிஞ்சதும் கேள்வி வந்துச்சு: ரிமோட் யார் கையில்? ரெண்டு நாள் அதே பேச்சு. உண்மையைச் சொல்றேன், அதிகமா கத்தினது நான்தான். ட்ரோன் லேப் பீரோவுக்குள்ள தூங்குச்சு. போட்டி அன்னைக்கு மேல எழும்பின உடனே சாய்ஞ்சு தரையில குத்திடுச்சு. ஒரு மோட்டார் எதிர்த்திசையில சுத்தியிருக்கு. முன்னாடியே ஒரு தடவை பறக்கவிட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம ஹெலிகாப்டர் பத்திப் படிச்சுக்கிட்டு இருந்தேன். அப்போதான் தெரிஞ்சது, இதே கேள்வி நம்ம நாட்டோட ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் நடுவுல பல வருஷமா ஓடியிருக்கு.

1986 நவம்பர் 1-ல் ராணுவத்துக்கெனத் தனி விமானப் பிரிவு உருவானது. ஆனா அவங்க கைக்கு வந்தது சேத்தக், சீட்டா மாதிரி சின்ன ஹெலிகாப்டர்கள்தான். எம்ஐ-35 போன்ற தாக்குதல் ஹெலிகாப்டர்கள் விமானப்படையிடமே இருந்தன. போரில் அதை எங்கே அனுப்புவது என்ற கட்டளை ராணுவத்துக்கு, ஓட்டுவதும் பராமரிப்பதும் விமானப்படைக்கு. கேட்கவே எங்க ட்ரோன் மாதிரி இல்ல?

ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. "டாங்கியோட கூடவே போற ஆயுதம் இது. தரையில நடக்கிற சண்டை தெரிஞ்சவன்தான் ஓட்டணும்" என்பது ராணுவத்தின் வாதம். "இருப்பதே கொஞ்சம். பயிற்சி, உதிரிபாகம், பராமரிப்பு எல்லாம் ஒரே இடத்துல இருந்தாத்தான் தேவையான பக்கம் திருப்ப முடியும்" என்பது விமானப்படையின் வாதம்.

1999 மே, கார்கில். மலை உச்சியில எதிரி, கீழே ஏறிக்கிட்டு இருக்கிற நம்ம வீரர்கள். ராணுவம் ஆயுதம் தாங்கிய ஹெலிகாப்டர் கேட்டது. விமானப்படை தயங்கியது. அந்த உயரத்துல காற்றின் அடர்த்தி குறைவு. ரோட்டருக்குத் தூக்குவிசையும் குறையும், இன்ஜின் பவரும் குறையும். எம்ஐ-35 அங்கே சரிப்படாது. அதோட அரசின் அனுமதியும் வேணும்னு சொன்னாங்க. அனுமதி கிடைச்சு, மே 26-ல் வான் தாக்குதல் தொடங்கியது. மே 28-ல் ராக்கெட்டோட போன ஒரு எம்ஐ-17-ஐ, தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை வீழ்த்தியது. அதிலிருந்த நாலு பேரும் இறந்தாங்க. அதுக்கப்புறம் ஹெலிகாப்டர்களைத் தாக்குதலுக்கு அனுப்புவதை நிறுத்திட்டாங்க.

இங்கதான் நான் புத்தகத்தை மூடி வெச்சேன். கீழே இருந்து கேட்டவங்க தேவையும் நிஜம், மேலே போக யோசிச்சவங்க பயமும் நிஜம். அந்த உயரத்துக்கு ஏத்த மெஷின்தான் ரெண்டு பேர்கிட்டயும் இல்ல.

2012-ல் அரசு ஒரு சமரசம் செய்தது: இனி வாங்கும் தாக்குதல் ஹெலிகாப்டர்கள் ராணுவத்துக்கு, அப்போது பேச்சில் இருந்த 22 அப்பாச்சிகள் மட்டும் விமானப்படைக்கு. ராணுவம் தனக்கென 6 அப்பாச்சிக்கு 2020-ல் ஒப்பந்தம் போட்டது. முதல் மூணு வந்தது 2025 ஜூலையில். கார்கில் பாடத்தில் பிறந்த நம்ம 'பிரசண்ட்', 5,000 மீட்டர் உயரத்துலயும் இறங்கி ஏறும். 2025 மார்ச்சில் ஆர்டர் கொடுத்த 156-ல் 90 ராணுவத்துக்கு, 66 விமானப்படைக்கு.

பங்கு பிரிச்சாச்சு. ஆனா மலையடிவாரத்துல நிக்கிறவனுக்கு வால் பகுதியில யார் பேர் எழுதியிருக்குன்னு கவலை இல்ல. கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல வரும், அந்த உயரத்துல நிக்குமா, அவ்வளவுதான்.

இந்த செமஸ்டர் புது ட்ரோன் செய்றோம். ரிமோட்டை ஈசிஇ பையன்கிட்ட நானே கொடுத்துட்டேன். ஒரே கண்டிஷன்: தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அது பறந்தாகணும். கிரவுண்ட் பக்கம் வந்தா பாருங்க.