மலை வளைவில் இரு வண்டிகள்

"பெண்பிள்ளைகளுக்கு மோட்டார் வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்காத அண்ணன்மார் உண்டோ? ஆகவேதான் இவ்வாண்டு அறிவியல் மன்றக் கூட்டத்தில் பேச நாங்கள் ஐவரும் துணிந்து எடுத்துக்கொண்ட தலைப்பு, "மினியா, சிட்ரோயனா?" என்பதாகும்.

மினி, 1959-ல் இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த வண்டி. நீளம் 10 அடி. சக்கரமோ 10 அங்குலமே! எஞ்சினைக் குறுக்காக வைத்து இடத்தை மிச்சப்படுத்தினார். எஞ்சினின் பாரம் முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. வண்டியை இழுப்பவையும் அவையே. எனவே பனியிலும் பிடிப்பு எளிதில் நழுவுவதில்லை. நான்கு சக்கரங்களும் நான்கு மூலைகளில் இருப்பதால் வளைவில் வெடுக்கெனத் திரும்பும். இதன் வேகமான வடிவமே 1275 சி.சி. எஞ்சின் கொண்ட மினி கூப்பர் எஸ்.

சிட்ரோயன் டி.எஸ். 1955-ல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான பிரெஞ்சுச் சீமாட்டி. இதற்கும் முன்சக்கரங்களே இழுவை. ஆனால் இரும்பு வில்லுக்குப் பதிலாக எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும் அடைத்த உருண்டைகள் இதைத் தாங்குகின்றன. குண்டுங்குழியும் பட்டு மெத்தையாகிவிடும்! 1962-ல் பிரான்ஸ் அதிபர் தெ கோல் மீது துப்பாக்கிச் சூடு நடந்தபோது, டயர்களில் காற்று இறங்கிய பின்னும் இவ்வண்டி நிற்காமல் ஓடி அவரைக் காப்பாற்றியது. நேர்ச்சாலையில் டி.எஸ். 21 மணிக்கு 170 கி.மீ.க்கு மேல் பாயும்; கூப்பர் எஸ் ஏறத்தாழ 155 தான்.

இரண்டும் மோதிய களம், ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாதைகளில் நடக்கும் மாண்டி கார்லோ பந்தயம். 1964, 1965 இரண்டிலும் மினியே வென்றது. 1966-லும் முதல் மூன்று இடங்களில் வந்தவை மினிகளே. ஆனால் முகப்பு விளக்கின் பல்பு விதிப்படி இல்லையென்று மூன்றையும் விலக்கி, டி.எஸ். வண்டிக்கு வெற்றியை அளித்தார்கள்.

இந்த இடத்தில் நாங்கள் இரண்டாகப் பிளந்தோம். "அநியாயம்! பல்பா வண்டியை ஓட்டியது?" என்றது ஒரு கட்சி. "விதி விதிதான்" என்றது மறு கட்சி. உண்மையில் சண்டை வண்டிக்காக அல்ல. சென்ற ஆண்டு பட்டிமன்றப் போட்டியில், மணி அடித்த பின்னும் அரை நிமிடம் பேசியதற்காக எங்கள் அணி பரிசை இழந்தது. பேசியவளும் எங்களில் ஒருத்தி. நேரத்தைக் கவனிக்க மறந்தவளும் எங்களில் ஒருத்தி. ஓராண்டாக அதைப் பற்றி நாங்கள் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தோம், அழவும் செய்தோம்.

மறுநாள் மேலும் படித்தபோதுதான் தெரிந்தது: 1967-ல் மினி மீண்டும் வந்து வென்றிருக்கிறது, எவரும் குறை சொல்ல இடமின்றி!

ஆகவே எங்கள் தீர்ப்பு இதுதான். பாட்டியை நெடுந்தூரம் அலுங்காமல் அழைத்துச் செல்ல டி.எஸ்.; மலை வளைவுக்கு மினி. தோற்ற பின் என்ன செய்வது என்பதற்கும் மினியே!

இவ்வாண்டுப் பட்டிமன்றத்திற்குப் பெயர் கொடுத்துவிட்டோம். நேரத்தைக் கவனிக்கப் போகிறவள் அதே தோழிதான்.