புகையை விட்ட முதல் மூன்று நாட்கள்



புகைப்பழக்கமுள்ள சகோதரர்களை ரமளானில் கவனித்தவர்கள் ஒன்றை அறிவர். ஸஹர் முடிந்ததிலிருந்து ஏறத்தாழ 13 மணி நேரம் அவர்கள் ஒரு பீடியையும் தொடுவதில்லை. நோன்புக் கஞ்சி வயிற்றில் இறங்கி, மஃக்ரிப் தொழுகை முடிந்த சில நிமிடங்களிலேயே பள்ளிவாசல் சந்து முனையில் நெருப்பு மினுங்கத் தொடங்கிவிடும். பகல் முழுவதும் முடிந்தது இரவில் ஏன் முடியவில்லை? பகலில் ஊரே அவரோடு நோன்பிருக்கிறது. இரவில் அவர் தனியாளாகிவிடுகிறார். நமக்கு அப்படித்தான் தோன்றியது.

புகைத்தலின் சட்டநிலையை இங்கே நீட்டிப் பேசப்போவதில்லை. முற்கால உலமாக்களில் சிலர் மக்ரூஹ் என்றனர். அதன் கேடு மருத்துவத்தால் உறுதிப்பட்ட பின் இக்கால அறிஞர்களில் பெரும்பாலோர் ஹராம் என்கின்றனர். இவற்றைப் புகைப்பவர்கள் நம்மைவிட அதிகம் கேட்டிருக்கிறார்கள். ஜும்ஆ பயானில் கேட்டு, தலையசைத்து, வெளியே போய்ப் பற்றவைக்கவும் செய்கிறார்கள்.

எங்கள் மஹல்லாவில் இந்த முயற்சி ஒரு சிறுவனால் தொடங்கியது. “நன்னா ஒளிஞ்சு பீடி குடிக்கிறாங்க ஹஜ்ரத்” என்று ஓத வந்த இடத்தில் அவன் அழுதுகொண்டே சொன்னான். அவனுடைய நன்னாவுக்கு 60 வயது கடந்துவிட்டது; மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைக்கப்பட்டவர். அவரோடு ஆட்டோ ஓட்டும் சகோதரர், தையற்கடைக்காரர், வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர் ஆகியோரும் சேர நால்வரானார்கள். மோதினாரும் நாமும் புகைத்தறியாதவர்கள். கூப்பிட்டால் தொலைபேசியை எடுப்பது மட்டுமே எங்கள் பங்கு.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஆலிமைக் கண்டதும் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பது ஊர் வழக்கம். அந்த மரியாதை இருக்கும்வரை யாரும் நம்மிடம் உண்மையைச் சொல்லமாட்டார்கள். எனவே நால்வரையும் இரண்டிரண்டு பேராக இணைத்தோம். தவிப்பு வந்தால் முதலில் இணையை அழைக்க வேண்டும். அவர் எடுக்காவிட்டால் எங்களை. அழைப்பை எடுப்பவர் உபதேசம் செய்யக்கூடாது என்பதே ஒரே நிபந்தனை. (நமக்குத்தான் இது கடினமாக இருந்தது.) வேட்கை சில நிமிடங்களில் உச்சமடைந்து தானே தணிந்துவிடுவதால், அதுவரை பேச்சு ஓடினால் போதும். ஆட்டோக்காரர் சவாரிக் கதைகளைச் சொன்னார். தையற்காரர் பொத்தான் விலையைப் பற்றியே பேசினார்.

வியாழன் மாலை மஃக்ரிப் தொழுகையோடு தொடங்கினோம். நம் நாள் மாலையில்தான் பிறக்கிறது. மேலும், முதல் ஏழெட்டு மணி நேரம் உறக்கத்திலேயே கழியும். இரத்தத்திலுள்ள நிகோட்டின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆதலால் ஃபஜ்ருக்கு எழும்போதே உடல் கேட்கத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை முழுவதும் தையற்காரருக்குத் தலைவலி. இளைஞருக்கு உறக்கம் வரவில்லை. அவர் தேநீரை இருமடங்காக்கியிருந்தார் என்பது பிறகே தெரிந்தது. புகையிலுள்ள சில பொருள்கள் கஃபீனை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றுகின்றன. புகை நின்றதும் அதே தேநீர் கூடுதல் வேகத்தோடு வேலை செய்யும். அதைப் பாதியாகக் குறைக்கச் சொன்னோம். அதோடு டீக்கடை வாசலும் தவிர்ந்தது நல்லதாயிற்று, ஏனெனில் எங்கள் ஊரில் தேநீரும் சிகரெட்டும் ஒரே பெஞ்சில்தான் அமர்ந்திருக்கும்.

இரண்டாம் இரவு இரண்டரை மணிக்கு அந்த இளைஞர் பெரியவரை அழைத்திருக்கிறார். பெரியவரும் விழித்துத்தான் இருந்தார். “தம்பி, நீயும் தூங்கலையா? ஒளுச் செஞ்சுட்டு உட்காரு, நானும் உட்கார்றேன்” என்றாராம். இருவரும் தத்தம் வீட்டில் தஹஜ்ஜுத் தொழுதார்கள். அல் அஸ்ர் அத்தியாயம் பொறுமையை ஒருவருக்கொருவர் உபதேசிப்பதைப் பற்றிப் பேசுகிறது. சிறுவர்களுக்கு ஆண்டுதோறும் அதை மனனம் செய்விக்கிறோம். அதன் பொருளை அந்த நள்ளிரவு அழைப்பில் கண்டோம்.

எரிச்சலும் கோபமும் இந்நாட்களில் இயல்பு என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவைத்தோம். கோபம் வந்தால் நிற்பவர் அமரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கட்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். ஆட்டோக்காரர் சனிக்கிழமை மூன்று முறை படுத்ததாக அவர் மனைவி சொல்லியனுப்பினார்.

மூன்றாம் நாள், ஞாயிறு, ஒரு வலீமா விருந்து. உடலின் தவிப்பு பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். பிரியாணிக்குப் பின் மண்டபத்தின் பின்புறம் நண்பர் ஒருவர் நீட்டினால் கை தானாகப் போய்விடும். தையற்காரருக்கு அதுதான் நேர்ந்தது. இஷாவுக்கு அவர் பள்ளிக்கு வரவில்லை. நாம் போனால் அவர் கதவுக்குப் பின்னால் நின்றிருப்பார், பெரியவர் போனார். “ஹஜ்ரத்துக்குத் தெரியுமா காக்கா?” என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார். “தெரியும். எத்தனை மணிக்குக் குடிச்சே, யார் கொடுத்தாங்க, அதைச் சொல்லு” என்றார் பெரியவர். அன்றிரவே எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அடுத்த விருந்துக்கு அவர் ஆட்டோக்காரரோடு போய், சாப்பிட்டதும் அவரோடே திரும்பிவிட்டார்.

எல்லாவற்றையும் மன உறுதியால் சாதிக்க வேண்டும் என்று நாம் கருதவில்லை. பெரியவர் தம் இதய மருத்துவரைக் கேட்டு 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் பயன்படுத்தினார். சாதாரண மிட்டாய்போல் தொடர்ந்து மெல்லக்கூடாது. சற்று மென்று, சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். நோன்பு நேரத்தில் அது ஆகாது, நோன்பு முறிந்துவிடும். புகையிலையை விட உதவும் அரசின் கட்டணமில்லா எண் 1800-11-2356. சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள்; பெரியவர் அதைப் பார்த்து எழுதிக்கொண்ட பின்பே கடைசிப் பெட்டியைக் குப்பையில் எறிந்தார்.

தவிப்பு முழுமையாக அடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும் என்கிறார்கள். நால்வரில் மூவர் 40 நாட்களைக் கடந்துவிட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். தையற்காரரின் எண்ணிக்கையும் தொடர்கிறது. கறிக்கடைச் சகோதரர் ஒருவர் தாமும் சேர வேண்டுமென்று மோதினாரிடம் கேட்டிருக்கிறார். வரும் வியாழன் மஃக்ரிபில் அவர் தொடங்குகிறார். அவருக்கு இணை, தையற்காரர்.