டிஃபரென்ஷியலும் ஒரு கேள்வியும்



நம் வீட்டுப் பழைய அம்பாசடர் ஒரு மாதமாகப் பின்பக்கம் ஊளையிட்டது. வயதான வண்டி. நேற்று ஷெட்டில் விட்டேன். மெக்கானிக் என் பழைய மாணவர். நானும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, கியர் ஆயிலை வடித்தார். அதில் இரும்புத் தூள் மின்னியது. ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுமுன் இரண்டு பக்கமும் கோடு போட்டார். திரும்ப அதே இடத்தில் பொருந்த வேண்டுமாம். சக்கரங்களைக் கழற்றி, இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டுகளையும் வெளியே இழுத்தார். அவை விலகாமல் நடுவில் இருக்கும் டிஃபரென்ஷியல் வராது. சுற்றியிருந்த நட்டுகளைக் கழற்றியதும், இருவர் தாங்கி இறக்கினார்கள். நல்ல கனம்.

மேசையில் வைத்து, "சார், கிரவுன் வீலை அசையாம பிடிங்க" என்றார். உள்ளே ஒரு பக்கப் பல்சக்கரத்தைச் சுற்றினார். மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றியது. "வளைவுல வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடணும்ல சார், அதுக்குத்தான் இது."

சுருக்கென்றது எனக்கு. ஒன்பதாம் வகுப்பில் இதையே கேள்வியாகக் கேட்டவர் அவர். பதில் தெரியாத நான், "பாடத்துல இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். நேற்று அதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"ஞாபகம் இருக்கு சார். அன்னிக்குச் சாயங்காலமே ஒரு ஷெட்டுல போய்க் கேட்டேன்" என்று சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

உங்களில் யாரையாவது அப்படி உட்கார வைத்திருந்தால் இங்கே கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன்.