குளிர்பெட்டிக்குள் நான்கு சாட்சிகள்

இலக்கியம் பேசும் இடத்தில் வெப்ப உணரிகளுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. செய்யுளுக்கு உரை சொல்லிப் பிழைக்கும் நமக்கும் சில மாதங்களுக்கு முன்புவரை அவற்றோடு யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. தவறான சாட்சி ஒன்றை நம்பிப் பெற்ற தாயைக் குற்றவாளியாக்கிய பிறகே அவை குறித்துக் கற்க நேர்ந்தது. அதை மறைக்காமல் எழுதிவிடுவதே முறை.

நம் தாயாருக்கு வயது 73. நாளும் இருவேளை இன்சுலின் போட்டுக்கொள்பவர். தீபாவளிக்குப் பிறகு அவரது இரத்தச் சர்க்கரை ஏறியது. மருந்தின் அளவைக் கூட்டியும் இறங்கவில்லை. வீட்டில் அதிரசத் தூக்கு ஒன்று இருந்தது. நம் ஐயம் முதலில் தூக்கின் மீது விழுந்து, பிறகு தாயார் மீது நகர்ந்தது. “நான் ஒண்ணும் திங்கலையேய்யா” என்றார். நாம் நம்பவில்லை. தூக்கை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அதன்பின் அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்த முறை மருத்துவர், “மருந்தை எங்கே வைக்கிறீங்க சார்?” என்று கேட்டார். குளிர்பெட்டியில்தான் என்றோம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், மீண்டும் உருகினாலும் அதைப் பயன்படுத்தலாகாது. உறைந்து உருகிய மருந்தைக் கண்ணால் பார்த்து எப்போதும் இனங்கண்டுவிட முடியாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ஆர்டுயினோப் பலகையோடு விளையாடும் பழக்கம் உண்டு. அவன் டிஎச்டி 11 என்னும் நீலநிற உணரியை மேல்தட்டில் மருந்துக்கருகே வைத்தான். மூன்று நாள்கள் மாலைதோறும் பார்த்தோம். எண் 3 என்பதிலிருந்து அசையவில்லை. இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில்தானே மூன்று? மருந்தின் மீது பழியில்லை எனத் தீர்ந்தது, எஞ்சியவர் தாயார்தாம். கருவியே சொல்லிவிட்ட பிறகு மனச்சாட்சிக்கு என்ன வேலை?

ஒரு வாரம் கழித்து மகன் அவ்வுணரியின் தரவுத்தாளைக் கொண்டுவந்து காட்டினான். “அப்பா, இது 3னு காட்டினா உண்மையில 1ஆவும் இருக்கலாம், 5ஆவும் இருக்கலாம். அப்பத்தாவைத் திட்டியிருக்க வேண்டாம்.” டிஎச்டி 11 தரும் உறுதி, 2 பாகை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதே. ஒரு பாகைக்குக் குறைந்த மாற்றத்தை அது சொல்லாது. அது அளக்கும் எல்லையோ 0 முதல் 50 வரை. உறைந்ததா என்று கேட்கும் இடத்தில், உறைநிலைக்குக் கீழே பார்க்கவே இயலாத ஒருவரைச் சாட்சியாக்கியிருந்தோம். அறையின் வெப்பத்தை மேலோட்டமாக அறிய அது போதும், இவ்வழக்குக்குப் போதாது.

ஆகவே மேலும் மூன்று உணரிகளை வரவழைத்தோம். முதலாவது எல்எம் 35. ஒரு பாகைக்குப் பத்து மில்லிவோல்ட் என்ற கணக்கில் மின்னழுத்தத்தைத் தருவது. 25 பாகையில் அரைப் பாகைத் துல்லியம் உடையது எனப் பெயர் பெற்றது. ஆயின் அதை வாசிக்கும் பலகையையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆர்டுயினோ ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பகுக்கிறது. ஒரு படி ஏறத்தாழ அரைப் பாகை. கணினியிலிருந்து வரும் மின்சாரம் 5 வோல்ட்டுக்குப் பதில் 4.7 ஆக இருந்தால், 30 பாகையை அது 32 என்று காட்டும். உணரி மெய் சொல்லும், மொழிபெயர்ப்பாளர் பிழைசெய்வார். மேலும், எளிய இணைப்பில் எல்எம் 35 இரண்டு பாகைக்குக் கீழே இறங்காது. நமக்கு வேண்டிய இடத்தில் அதற்கும் வாயில்லை.

இரண்டாவது டிஎச்டி 22, வெண்ணிறப் பெட்டி. சுழிக்குக் கீழே 40 பாகைவரை செல்லும். அரைப் பாகை பிழைக்கு இடம் தரும். மூன்றாவது டிஎஸ் 18பி20. நீர்புகாத எஃகு உறைக்குள் அடைத்து விற்கிறார்கள். சுழிக்குக் கீழே 10 முதல் மேலே 85 பாகைவரை அரைப் பாகைத் துல்லியம். ஒரு பாகையைப் பதினாறாகப் பகுத்துச் சொல்லும் நுண்மை.

இவ்விடத்தில் துல்லியம் வேறு, நுண்மை வேறு என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். திரையில் 4.0625 என்று தெரிந்தால் நான்கு தசம இடங்களும் உண்மை என்று மனம் மயங்குகிறது. முதல் இலக்கமே தவறாக இருக்கக்கூடும். தவறாகச் சொல்வதையும் விரிவாகச் சொல்ல முடியும் என்பதை விடைத்தாள் திருத்துவோர் அனைவரும் அறிவர்.

மூன்று புதிய உணரிகளையும் ஒரே இடத்தில் வைத்து, பெரும்பான்மை சொல்வதை ஏற்கலாமே என்று நாம் சொன்னோம். சொன்ன மாத்திரத்தில் நம் துறையே நம்மைத் திருத்தியது. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர் தலைகளை எண்ணி முடிவு செய்வதில்லை. பிழையுள்ள ஒரே மூல ஏட்டிலிருந்து எழுதப்பட்ட மூன்று படிகளும் ஒருமித்தே பிழைபேசும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடும் முன் பல ஏடுகளை ஒப்புநோக்கியதோடு, சமண நூலறிவையும் தேடிச் சென்று பெற்றார். ஏடுகளுக்கு வெளியே ஒரு சான்று வேண்டியிருந்தது. உணரிகளுக்கும் அப்படித்தான், அதிலும் டிஎஸ் 18பி20 போலிகள் மலிந்த சரக்கு.

வெளிச்சான்று நம் சமையலறையிலேயே இருந்தது. நொறுக்கிய பனிக்கட்டியைக் குடுவையில் நிறைத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு நீர் ஊற்றிக் கலக்கினால், அது சுழிப் பாகையில் நிற்கும். கொதிநீர் அவ்வாறன்று, உதகையின் உயரத்தில் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும். எஃகுறை உணரியை அப்பனிநீரில் இட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். 0.25 என்று நின்றது. கால் பாகை கூடுதலாகச் சொல்லும் சாட்சி; குறை தெரிந்துவிட்டதால் நம்பத்தக்க சாட்சி. டிஎச்டி 22ஐ நீரில் இடலாகாது. எனவே அதை எஃகுறை உணரியோடு சேர்த்துக் கட்டிக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வைத்து ஒப்பிட்டோம். அரைப் பாகைக்குள் ஒத்துப்போயிற்று.

அன்றிரவு மருந்து இருந்த அதே இடத்தில், உறைபெட்டியை ஒட்டிய மேல்தட்டின் பின்மூலையில், சிறு கிளிசரின் குப்பி ஒன்றை வைத்து அதற்குள் உணரியைச் செருகினோம். காற்றின் வெப்பநிலை கதவு திறக்குந்தோறும் துள்ளும். குப்பிக்குள் இருக்கும் மருந்தின் நிலையைக் குப்பிக்குள் இருக்கும் நீர்மமே சொல்லும். நிமிடத்திற்கொரு முறை பதிவு. மாலை ஏழு மணிக்கு 1.25. அப்போதும் டிஎச்டி 11 பிடிவாதமாக 3 என்றே கூறியது. கதவு திறக்கப்படாத நள்ளிரவுக்குப் பின் எண் இறங்கலாயிற்று. மூன்று மணிக்குச் சுழிக்குக் கீழே 1.5; கால் பாகையைத் திருத்தினால் 1.75. அரைப் பாகை பிழைக்கு இடம் கொடுத்தாலும் தீர்ப்பு மாறாது. அம்மூலையில் மருந்து உறைந்திருக்கக்கூடும். எத்தனை இரவுகள் என்று இப்போது அறிய வழியில்லை.

அங்கிருந்த மருந்தைக் கழித்துவிட்டு, மருத்துவரிடம் சொல்லிப் புதியது வாங்கினோம். நடுத்தட்டின் முன்பகுதி இரவு முழுதும் 4க்கும் 6க்கும் இடையில் இருந்ததால் அங்கே வைத்தோம். மருத்துவரின் கண்காணிப்பில் அடுத்த வாரங்களில் சர்க்கரை இறங்கிற்று. அதற்கு இதுவொன்றே காரணம் என்று சாதிக்க மாட்டோம். ஒரே ஒரு பதிவைக் கொண்டு தீர்ப்பெழுதும் துணிவு நம்மிடம் இப்போது இல்லை.

அலமாரியைத் திறந்து தூக்கைத் தாயார் முன் வைத்தோம். தீபாவளியன்று எண்ணிவைத்த அதிரசங்கள் அப்படியே இருந்தன. எண்ணிப் பார்க்க அன்றே இரண்டு நிமிடம் போதுமானதாயிருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, அவர் பேரனின் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “மிஷினைப் பனிக்கட்டியில வச்சுச் சோதிச்சீங்க. என்னை ஒரு வார்த்தை பொறுமையாக் கேட்டிருக்கலாம்லய்யா.”

அதிரசம் பழசாகிவிட்டிருந்தது. அவரே அதை எடுத்துக் கொல்லையில் காக்கைகளுக்குப் போட்டார்.