அழியாத மதிப்பெண்

ஆசிரியராய் இருப்பவர் வாயிலிருந்து வரும் சொற்களுள் எது எவர் நெஞ்சில் தைக்கும் என்பதை நாம் அறிவதில்லை. வகுப்பறையில் நான் கூறியவற்றைக் காட்டிலும், தொலைபேசியில் என் ராத்தா மகளிடம் கூறிய ஒரு சொல்லே என்னைப் பல ஆண்டுகளாக உறுத்தி வருகிறது. அதனை மாணவச் செல்வங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

ராத்தா குடும்பத்தோடு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழ்கிறார். அவர் மகள் 2015ஆம் ஆண்டு உயிரியலில் பட்டம் பெற்ற கையோடு என்னை அழைத்து, "மாமா, நான் பி.ஏ. ஆக ஆசைப்படுகிறேன்" என்றாள். இலக்கியம் படிக்க விரும்புகிறாள் என்றெண்ணி நான் அகமகிழ்ந்தேன். அவள் சிரித்தாள். "உங்கள் பி.ஏ. இல்லை மாமா; பிசிஷியன் அசிஸ்டன்ட்" என்றாள்.

மருத்துவரோடு இணைந்து நோயாளியைப் பரிசோதித்து, நோயறிந்து, மருந்தும் எழுதித் தரும் பணி அது. நம் மாநிலத்திலும் இப்பெயரில் இளங்கலைப் படிப்பு உண்டு; அமெரிக்காவிலோ அது பட்டத்திற்குப் பின் ஏறத்தாழ 27 மாதங்கள் பயிலும் முதுகலைப் படிப்பு.

"உன் மதிப்பெண் என்ன?" என்றேன். நான்குக்கு 2.7 என்றாள். முதலிரண்டு ஆண்டுகள் மாலைதோறும் கடையொன்றில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவள் அவள். வேதியியலில் டி கிரேடு. மீண்டும் எழுதி ஏ வாங்கியிருந்தாள். ஆயினும் பல கல்வி நிறுவனங்கள் 3.0ஐக் கீழெல்லையாக வைத்திருந்தன. நான் சற்றும் எண்ணிப் பாராமல், "அம்மா, மதிப்பெண் இல்லாத இடத்தில் ஆசை மட்டும் என்ன செய்யும்? வேறு வழி பார்" என்றேன். "சரி மாமா" என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். இரண்டு நாள் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்று ராத்தா பின்னர் சொன்னார்.

மூன்றாம் நாள் அவள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். அதை எனக்கும் எழுதி அனுப்பினாள். 120 கிரெடிட்டுகளுக்குச் சராசரி 2.7 எனில், அவள் ஈட்டிய புள்ளிகள் 324. இனிப் படிக்கும் தாள்கள் அனைத்திலும் ஏ கிரேடு, அதாவது நான்கு புள்ளிகள், பெற்றாலும் 3.0ஐத் தொட இன்னும் 36 கிரெடிட்டுகள் வேண்டும். நான்கு கிரெடிட் தாள்கள் என்றால் ஒன்பது! அவற்றுள் ஒன்றில் பி வந்தாலும் கணக்குத் தவறிவிடும்.

அங்கே இப்படிப்புக்கான விண்ணப்பங்களுள் பெரும்பாலானவை காஸ்பா என்னும் மைய அமைப்பின் வழியே செல்கின்றன. நம் கல்லூரிகளில் அரியர் தாளில் தேறிவிட்டால் பழைய தோல்வி சராசரியில் சேர்வதில்லை. காஸ்பாவோ ஒரே பாடத்தை எத்தனை முறை எழுதினாலும் எல்லா முயற்சிகளையும் சராசரியில் சேர்க்கிறது. எனவே வேதியியலில் வாங்கிய ஏ, பழைய டியை அழிக்கவில்லை. இரண்டும் அருகருகே நின்றன.

மாலையில் உடலியங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் எனத் தாள் தாளாகப் படித்தாள். பகலில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் செவிலியர் உதவியாளராகப் பணியாற்றினாள். நோயாளியை நேரில் பராமரித்த மணி நேரங்களைப் பல நிறுவனங்கள் கேட்கின்றன. ஆயிரம் மணி நேரத்திற்குக் குறையக்கூடாது என்பனவும் உண்டு. இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1965ஆம் ஆண்டு டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் இப்படிப்பைத் தொடங்கியபோது சேர்ந்த நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணி செய்து பழகியவர்கள். அனுபவத்தை மதித்துப் பிறந்த தொழில் அது. வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக நோயாளியின் அருகிருந்து பேணுபவனையும் எண்ணினார் அல்லவா? என் மருமகள் நாலாயிரம் மணி நேரத்திற்கும் மேலாக அப்பணி செய்தாள்.

ஒன்பது தாள்களில் எட்டில் ஏ, ஒன்றில் பி. சராசரி 2.97. எல்லைக்கு மயிரிழை கீழே! 2017இல் விண்ணப்பித்த இடங்கள் அனைத்தும் மறுத்துவிட்டன. அவள் அழவில்லை, ஒவ்வொரு நிறுவனத்தின் விதிகளையும் மறுபடி வாசித்தாள். சில நிறுவனங்கள் இறுதியாகப் படித்த 60 கிரெடிட்டுகளைத் தனியே நோக்குகின்றன என்பது அப்போது தெரிந்தது. அக்கணக்கில் அவள் சராசரி 3.7. மறு ஆண்டு அத்தகைய நிறுவனங்களுக்கே விண்ணப்பித்தாள். நேர்காணலில் பழைய டியைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம். கடை வேலையைக் காரணம் காட்டாமல், "அப்போது எனக்குப் படிக்கத் தெரியவில்லை, உதவி கேட்கவும் தெரியவில்லை. பிறகு கற்றுக்கொண்டேன்" என்றாளாம். ஓர் இடம் கிடைத்தது. 2019இல் சேர்ந்தாள், 2021இல் படிப்பை முடித்துத் தேசியத் தேர்விலும் வென்றாள்.

அன்று அழைத்து, "மாமா, நானும் பி.ஏ. ஆகிவிட்டேன்" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது. "அன்று நான் சொன்னதை மறந்துவிடம்மா" என்றேன். "மறக்கவில்லை மாமா, அதையும் சராசரியில் சேர்த்துக்கொண்டேன்" என்றாள்.

முயன்றவர் எல்லாரும் சேர்ந்துவிடுவார்கள் என்று நான் கூறவில்லை. அவளைப் போலவே உழைத்தும் இடம் பெறாதவர்கள் உண்டு. நான் கூற விரும்புவது வேறு. குறைந்த மதிப்பெண் அழிவதில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் எதை எழுதுவது என்பது நம் கையில் இருக்கிறது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கணக்கு. நான் தந்ததோ ஒரு தீர்ப்பு.

இப்போது அரியர் வைத்த மாணவர் எவரேனும் தயங்கித் தயங்கி என் அறை வாயிலில் நின்றால், முதலில் உட்காரச் சொல்கிறேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இருவருமாகக் கணக்குப் போடுகிறோம். எத்தனை தாள்கள், எத்தனை மாதங்கள், எவரிடம் கேட்பது என்று. சில வேளைகளில் கணக்கு கடினமாகவே வருகிறது. ஆயினும், "வேறு வழி பார்" என்ற சொல்லை, வேறு வழி எதுவென்று காட்டாமல் நான் இப்போது எவரிடமும் சொல்வதில்லை.