கை பட்டால் என்ன?

தாராவிச் சிறுவர்களுக்கு வொர்லி ஒன்றும் தூரமில்லை. மாடுங்கா ரோடில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிலையம் மகாலட்சுமி. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் 1985-ல் திறக்கப்பட்ட நேரு அறிவியல் மையம். அதன் தோட்டத்தில் கப்பியை இழுக்கலாம், நெம்புகோலில் தொங்கலாம். அதற்குத்தான் அவை வைக்கப்பட்டிருக்கின்றன. அதே வளாகத்தில் நிற்கும் மாருத் போர் விமானத்தை மட்டும் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

பறந்த விமானத்துக்கு அந்த மரியாதை நியாயமே. ஆனால், பறக்காமல் பயிற்சிக்கு மட்டும் பயன்பட்ட கலத்துக்கும் அதே வேலி வேண்டுமா? அமெரிக்க ஷட்டில் வீரர்கள் பழகிய முழு அளவு மாதிரி, பெரும்பாலும் ஒட்டுப்பலகையால் ஆனது, 2012-ல் சியாட்டில் அருங்காட்சியகம் வந்து சேர்ந்தது. நிஜ ஷட்டில் கிடைக்கவில்லையே என்று அந்த ஊருக்கு ஆதங்கம். ஆனால் பறந்த ஷட்டில்களைச் சுற்றி வரத்தான் முடியும். இந்தப் பலகை ஷட்டிலின் சரக்குப் பகுதிக்குள் மக்கள் நடக்கிறார்கள்.

ககன்யான் வீரர்கள் பெங்களூரில் பழகும் கருவிகளும் ஒருநாள் ஓய்வு பெறும். அவற்றில் ஒன்று வொர்லிக்கு வந்தால் பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்கலாம். தேய்ந்துவிடும் என்ற அருங்காட்சியகக்காரர்களின் பயம் பொய்யல்ல. வீரர்களின் விரல் பட்ட சுவிட்சுகளைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டால் போகிறது. மாற்று சுவிட்சுகளுக்கு லாமிங்டன் ரோடு இருக்கிறதே!